பக்கம் உங்களுடையது, முகம் அவருடையது: ரசிகர் பக்கம் தொடங்குபவருக்கு

ஒரு நடிகருக்கோ பாடகருக்கோ விளையாட்டு வீரருக்கோ ரசிகர் பக்கம் தொடங்க அரை மணி நேரம் போதும். அதிலும் பாதி நேரம் எந்தப் படத்தை முகப்பில் வைப்பது என்ற யோசனையிலேயே போய்விடும். சிக்கல்கள் அப்போது வராது. பக்கம் கொஞ்சம் வளரட்டும், யாராவது விளம்பரம் கேட்டு வரட்டும், இன்னொருவர் காப்பிரைட் நோட்டீஸ் அனுப்பட்டும், ஒருநாள் காலையில் பாஸ்வேர்டு வேலை செய்யாமல் போகட்டும். அப்போதுதான் 'இதையெல்லாம் யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே' என்று தோன்றும்.

நான் ஏழு வருடம் ஒரு ரசிகர் பக்கம் நடத்தினேன். யாருக்கு என்று சொல்ல மாட்டேன்; சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப்பேர் இங்கேயே சண்டைக்கு நின்றுவிடுவார்கள். அந்த ஏழு வருடத்தில் ஒரு கணக்கைப் பறிகொடுத்தேன், இரண்டு ஸ்ட்ரைக் (காப்பிரைட் மீறலுக்குத் தளம் தரும் தண்டனைப் புள்ளி) வாங்கினேன், ஒரு டி-ஷர்ட் வியாபாரத்தை ஆரம்பித்த வேகத்திலேயே மூடினேன். பின்னால் உட்கார்ந்து யோசித்தபோது மூன்றில் இரண்டுக்கு ஒரே காரணம்தான் தெரிந்தது. எது என்னுடையது, எது அவருடையது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. கணக்கு, எழுத்து, உழைப்பு, படிக்கிறவர்கள் வைத்த நம்பிக்கை எல்லாம் என்னுடையவை. முகம், பெயர், குரல், பாட்டு, புகைப்படம் எதுவும் என்னுடையதில்லை. இந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். கணக்கைப் பறிகொடுத்ததற்குக் காரணம் வேறு, வெறும் அவசரம். அதையும் சொல்கிறேன்.

முதலில் பெயர்

நட்சத்திரத்தின் பெயரை அப்படியே எடுத்து, பின்னால் ஒரு புள்ளியோ அடிக்கோடோ சேர்த்து, அவருடைய சொந்தக் கணக்கில் இருக்கும் அதே படத்தை முகப்பில் போட்டுவிடுவது பலரும் செய்யும் முதல் தப்பு. பார்ப்பவர் கண்ணுக்கு அது ரசிகர் பக்கமாகத் தெரியாது, ஆள்மாறாட்டமாகத்தான் தெரியும். யூடியூப் விதிப்படி, ரசிகர் சேனல் என்றால் அது சேனலின் பெயரிலோ ஹேண்டிலிலோ (@ குறியோடு வரும் பெயர்) வெளிப்படையாகத் தெரிய வேண்டும். எக்ஸ் தளம் கணக்கின் பெயர், சுயகுறிப்பு இரண்டிலுமே இதைச் சொல்லச் சொல்கிறது. கீழே எங்கோ ஒரு மூலையில் 'இது ரசிகர் பக்கம்' என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வேறொருவர் பதிவில் கமெண்ட் போடும்போது அந்த மூலை கூடவே வராது, பெயர் மட்டும்தான் வரும்.

ஆகவே 'ரசிகர்' அல்லது 'ஃபேன்ஸ்' என்ற சொல் பெயருக்குள்ளேயே இருக்கட்டும். 'அஃபிஷியல்', 'டீம்', 'மேனேஜ்மென்ட்' போன்ற சொற்கள் பக்கத்தில்கூட வரக் கூடாது. இதில் நேர்மையோடு கொஞ்சம் சுயநலமும் இருக்கிறது. போட்டி ரசிகர்கள் கூட்டமாகச் சேர்ந்து ரிப்போர்ட் அடிப்பது இந்த உலகத்தில் அன்றாட நிகழ்ச்சி. 'ஆள்மாறாட்டம்' என்று அவர்கள் ரிப்போர்ட் அடித்தால், பெயரிலேயே 'ரசிகர்' இருக்கும் பக்கம் தப்பிக்கும். இல்லாத பக்கம் ஒரே இரவில் காணாமல் போகும்.

இன்னொன்று, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் பெயரையோ ஆல்பத்தின் பெயரையோ பக்கத்துக்கு வைக்காதீர்கள். ஆறு மாதத்தில் பழசாகிவிடும். பெயரை அடிக்கடி மாற்றும் பக்கத்தைப் பார்த்தாலே யாரோ விலைக்கு வாங்கிய பக்கமோ என்று சந்தேகம் வரும்.

ப்ளூ டிக் (கணக்கு உண்மையானது என்று காட்ட வந்த நீல அடையாளம்) பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் வாரத்திலேயே எல்லோரும் கேட்பது அதைத்தான். 2022 நவம்பரில் ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) காசு கொடுத்தால் டிக் என்று ஆக்கியது. அடுத்த சில நாட்களிலேயே யாரோ எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் டிக் வாங்கி, 'இனி இன்சுலின் இலவசம்' என்று போட்டுவிட்டார்கள். உண்மையான நிறுவனம் வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. டிக் இருந்தால் அது அவர்தான் என்ற காலம் போய்விட்டது. நட்சத்திரத்தின் உண்மையான கணக்கு எது என்று பார்க்க அவருடைய இணையதளத்தில் இருக்கும் இணைப்பைப் பிடித்துப் போங்கள். உங்களுக்கு டிக் வேண்டுமா என்றால், ஆரம்பத்தில் வேண்டாம். அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது.

அப்புறம் பூட்டு

என் கணக்கு போன கதையைச் சொல்கிறேன். ஒரு சாயங்காலம், 'உங்கள் பதிவு காப்பிரைட்டை மீறியுள்ளது, 24 மணி நேரத்துக்குள் பதில் தராவிட்டால் கணக்கு நீக்கப்படும்' என்று ஒரு மெசேஜ். தளத்தின் லோகோ, சட்டப் பிரிவின் பெயர், எல்லாம் இருந்தது. போன வாரம்தான் உண்மையிலேயே ஒரு ஸ்ட்ரைக் வாங்கியிருந்தேன், அதனால் சந்தேகமே வரவில்லை. இணைப்பைத் தட்டினேன், பாஸ்வேர்டு போட்டேன், வந்த ஓடிபியையும் போட்டேன். பத்து நிமிடத்தில் என் பக்கத்தில் யாரோ கிரிப்டோ விற்றுக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

பக்கத்துக்கென்று தனியாக ஒரு மெயில் திறங்கள். உங்கள் வங்கி, வேலை, குடும்ப விஷயம் எதுவும் அந்த மெயிலுக்கு வரக் கூடாது. அந்த முகவரியை விளம்பரத் தொடர்புக்குப் பொதுவில் போடவும் கூடாது. அதற்கு இரண்டாவதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்ட வேண்டியது முதலில் மெயிலைத்தான். மெயில் கையில் கிடைத்தவனுக்கு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்ற ஒரே பட்டன் மற்ற எல்லாக் கதவையும் திறந்துவிடும்.

அடுத்தது இரண்டடுக்குச் சரிபார்ப்பு. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை, ஆனால் அது உங்கள் சிம்மை நம்பி நிற்கிறது. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டார்சியின் கணக்கே பறிபோனது. அவருடைய எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொண்டு, அதன் வழியே பதிவு போட்டார்கள். அந்தத் தளத்தை நடத்தியவருக்கே அந்தக் கதி. அதனால் 30 நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண் மாறும் ஆத்தென்டிகேட்டர் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். தளம் 'பாஸ்கீ' (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனின் கைரேகை, முகப் பூட்டு வழியே நுழைவது) கொடுத்தால் இன்னும் நல்லது. ஆத்தென்டிகேட்டர் எண்ணைக்கூடப் போலிப் பக்கத்தில் ஏமாந்து தட்டிவிட முடியும். பாஸ்கீ உண்மையான தளத்தின் முகவரியில் மட்டும்தான் வேலை செய்யும். அப்புறம் போன் தொலைந்தாலும் உள்ளே நுழைய அவசரகாலக் குறியீடுகள் என்று சில எண்களைத் தருவார்கள். அவற்றைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பது சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது மாதிரி.

மெசேஜில் வரும் மிரட்டலை எப்படிச் சோதிப்பது? இணைப்பைத் தொடாதீர்கள். செயலியைத் தனியாகத் திறந்து, அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் அவர்கள் அண்மையில் உங்களுக்கு உண்மையாக அனுப்பிய மெயில்களின் பட்டியலே பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். அதில் இல்லாத மெயில் அவர்களுடையதில்லை. யூடியூபில் ஸ்ட்ரைக் உண்மை என்றால் சேனலை நிர்வகிக்கும் 'ஸ்டூடியோ' பகுதிக்குள் தெரியும்.

கூட வேலை பார்ப்பவர்களுக்குப் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். யூடியூபிலும் ஃபேஸ்புக் பக்கங்களிலும் ஒவ்வொருவருக்கும் தனி அனுமதி கொடுக்க வழி இருக்கிறது. வீடியோ ஏற்றுபவருக்கு அதற்கு மட்டும் அனுமதி. மனஸ்தாபம் வந்து ஒருவர் விலகினால் அந்த ஒரு பெயரை நீக்கினால் வேலை முடிந்தது. ரசிகர் பக்கங்களில் மனஸ்தாபம் வராமல் இருக்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு பூட்டு, அது உங்கள் கணினியில். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய தொழில்நுட்பச் சேனலை ஹேக் செய்தார்கள். பாஸ்வேர்டைத் திருடவில்லை, இரண்டடுக்குப் பூட்டை உடைக்கவும் இல்லை. ஸ்பான்சர் அனுப்பியது போல வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார், அது பிரவுசரில் இருந்த லாகின் டோக்கன்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது. நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் தளம் மறுபடியும் பாஸ்வேர்டு கேட்காது அல்லவா, அந்த வசதியைத்தான் திருடினார்கள். தொழில்நுட்பம் பேசியே பிழைப்பவர்களுக்கு இது நடந்தது. விளம்பர ஒப்பந்தம் என்று ஜிப் கோப்பு வந்தால், பாஸ்வேர்டு போட்டுத் திறக்கச் சொன்னால், 'எங்கள் செயலியை நிறுவிப் பார்த்து ரிவ்யூ செய்யுங்கள்' என்றால், திறக்காதீர்கள். 'மெயிலிலேயே விவரத்தை எழுதுங்கள்' என்று பதில் போடுங்கள். பாதிப்பேர் அதோடு மறைந்துவிடுவார்கள்.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது

கூகுளில் கிடைத்த படம் யாருக்கும் சொந்தமில்லாத படம் என்பது புதியவர்களின் மாறாத நம்பிக்கை. பொதுவாகப் படம் எடுத்தவருக்குத்தான் அது சொந்தம், எடுத்த கணத்திலிருந்து. பல நாடுகள் சேர்ந்திருக்கும் பெர்ன் காப்பிரைட் ஒப்பந்தம் 1886-இல் வந்தது. அதன்படி உரிமை கிடைக்கப் படைப்பாளி எங்கேயும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் நட்சத்திரத்துக்கே தன் படம் சொந்தமில்லாமல் போகலாம். மாடல் ஜிஜி ஹடிட் தன்னைத் தெருவில் எடுத்த படத்தைத் தன் இன்ஸ்டாகிராமில் போட்டதற்காக 2019-இல் ஒரு புகைப்பட நிறுவனம் அவர்மேல் வழக்குப் போட்டது. வழக்கு நடைமுறைக் காரணத்தால் தள்ளுபடியானது, அது வேறு விஷயம். அவருக்கே அந்த நிலைமை என்றால் 'அவர் ரசிகன்தானே நான்' என்பது ஒரு வாதமே ஆகாது.

'நன்றி: புகைப்படக் கலைஞர்' என்று போட்டால் அது அனுமதி ஆகிவிடாது; திருடியது யாரிடம் என்று நீங்களே சொன்னதாகத்தான் ஆகும். 'காப்பிரைட் மீறும் எண்ணம் இல்லை' என்ற வாசகமும் அப்படித்தான். 'ஏழு நொடி வரைக்கும் பரவாயில்லை', 'முப்பது நொடி வரைக்கும் ஓகே' என்று சொல்வார்கள்; எல்லா இடத்துக்கும் பொருந்தும் அப்படி ஒரு எண் சட்டத்தில் இல்லை. விமர்சனம், கேலி, செய்தி போன்றவற்றுக்குப் பல நாடுகளில் விலக்கு உண்டு. ஆனால் அது எவ்வளவு எடுத்தீர்கள், எதற்கு எடுத்தீர்கள், நீங்கள் என்ன சேர்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. முழுப் பாட்டையும் ஓடவிட்டு ஓரத்தில் இதய எமோஜி போடுவது விமர்சனம் ஆகாது.

யூடியூபில் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கன்டென்ட் ஐடி என்பது வீடியோக்களைத் தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம், 2007-இலிருந்து இருக்கிறது. உங்கள் வீடியோவில் ஒரு பாட்டைக் கண்டுபிடித்தால் 'கிளெய்ம்' வரும். விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது வீடியோ தடைபடலாம். சேனலுக்கு ஆபத்தில்லை. ஸ்ட்ரைக் வேறு. உரிமையாளர் முறைப்படி நீக்கச் சொல்லிக் கேட்பதால் வருவது அது. 90 நாளில் காலாவதியாகும், அதற்குக் 'காப்பிரைட் ஸ்கூல்' என்ற சின்னப் பாடத்தையும் முடிக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போகலாம். கிளெய்ம் வந்ததற்கே சிலர் பயந்து எல்லா வீடியோவையும் அழிப்பார்கள். ஸ்ட்ரைக் வந்த சிலர் 'பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவார்கள். இரண்டும் தப்பு. நீக்கியது தப்பு என்று மறுத்து எதிர்நோட்டீஸ் அனுப்பலாம்தான், ஆனால் அது சட்ட ஆவணம். உங்கள் உண்மைப் பெயரும் முகவரியும் எதிர்த் தரப்புக்குப் போகும். நியாயம் உங்கள் பக்கம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தொடுங்கள்.

சரி, அப்போது என்னதான் போடுவது? அதிகாரப்பூர்வக் கணக்கு போட்டதை அந்தத் தளத்தின் ஷேர் பட்டன் வழியே பகிரலாம்; டவுன்லோடு செய்து மறுபடி ஏற்றுவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். நீங்களே எடுத்த படம், நீங்களே எழுதிய கட்டுரை, படவரிசைப் பட்டியல், பழைய பேட்டிகளில் அவர் சொன்னதன் தொகுப்பு, பாட்டைப் பற்றிய அலசல், எல்லாம் உங்களுடையவை. எனக்கு அதிகம் வாசகர்களைக் கொண்டுவந்தது படமே இல்லாத ஒரு பதிவு: அவர் நடிக்க மறுத்த வேடங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எந்தப் பேட்டியில் சொன்னார் என்ற குறிப்போடு. மூன்று வாரம் உழைத்தேன். அதை யாரும் ரிப்போர்ட் அடிக்க முடியவில்லை.

அனுமதி கேட்கவும் தயங்காதீர்கள். புகைப்படக் கலைஞர்களுக்கு நாலு வரியில் மெயில் போட்டுப் பாருங்கள்: எந்தப் படம், எங்கே, காசு வாங்குகிறீர்களா இல்லையா. நான் கேட்டவர்களில் பலர் சரி என்றுதான் சொன்னார்கள். அந்த மெயிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தி போடும்முன் ஒரு மணி நேரம்

ஜாக்கி சான் இறந்துவிட்டார் என்று இணையம் பலமுறை அறிவித்திருக்கிறது. இப்படிப்பட்ட வதந்திகளை மெழுகுவத்தி ஏற்றிப் பரப்புவதில் ரசிகர் பக்கங்களுக்கும் பங்குண்டு. முதலில் போட வேண்டும் என்ற அரிப்பு எனக்கும் தெரியும். ஆனால் முதலில் போட்டவரை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை, தப்பாகப் போட்டவரை மறப்பதில்லை.

நான் கடைப்பிடித்தது இதுதான். மரணம், விபத்து, திருமணம், விவாகரத்து, கைது என்றால் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. அதற்குள் அவருடைய சொந்தக் கணக்கிலோ, பெயர் போட்டு எழுதும் இரண்டு தனித்தனிச் செய்தி நிறுவனங்களிலோ வருகிறதா என்று பார்ப்பது. இரண்டும் மூன்றாவது ஒன்றை மேற்கோள் காட்டினால் அது ஒன்றுதான். படம் என்றால் கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற படத்தேடல் கருவிகளில் கொடுத்துத் தேடினால் ஐந்து வருடம் பழைய படம் புது வேஷத்தில் வந்திருப்பது தெரிந்துவிடும். வீடியோ இன்னும் சிரமம். 2023 அக்டோபரில் டாம் ஹாங்க்ஸ், தன் உருவத்தைச் செயற்கை நுண்ணறிவால் செய்து ஒரு பல் மருத்துவத் திட்டத்துக்கு விளம்பரம் ஓட்டுகிறார்கள், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எச்சரிக்கை விட்டார். உதடு ஒட்டுகிறதா, விரல் எத்தனை என்று எண்ணும் வித்தையெல்லாம் ஒவ்வொரு மாதமும் பழசாகிக்கொண்டே போகிறது. இது முதலில் எங்கே வெளிவந்தது என்று தேடுவது மட்டும்தான் பழசாகாத வழி.

உங்கள் நட்சத்திரம் இப்போது எந்த ஹோட்டலில், எந்த விமானத்தில் என்று போடாதீர்கள். உண்மையாக இருந்தால் இன்னும் மோசம்.

'அவரே எனக்கு மெசேஜ் பண்ணார்'

பக்கம் கொஞ்சம் பெரிதானதும் கமெண்டுகளில் ஒரு கூட்டம் வந்து உட்காரும். 'உங்கள் ஆதரவுக்கு நன்றி, நேரில் பேச டெலிகிராமில் வாருங்கள்' என்று நட்சத்திரத்தின் படத்தோடு. அவர்களுக்கு நீங்கள் முக்கியமில்லை. உங்கள் பக்கத்தில் மனதைத் திறந்து எழுதுகிற, கொஞ்சம் தனியாக இருக்கிற ஆள்தான் முக்கியம். பிரான்சில் ஒரு பெண் பிராட் பிட்டுடன் பேசிக்கொண்டிருப்பதாக நம்பி 8,30,000 யூரோவை இழந்தது 2025 ஜனவரியில் உலகச் செய்தியானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் படுத்திருக்கும் போலிப் படங்களை அனுப்பிச் சிகிச்சைக்கு என்று பணம் கேட்டிருக்கிறார்கள். நியாயமாக அந்தப் பெண்ணுக்கு அனுதாபம் கிடைத்திருக்க வேண்டும். இணையம் கேலி செய்தது. அதனால்தான் அடுத்து ஏமாறுபவர் வாயே திறக்க மாட்டார்.

ரசிகர் பக்கம் நடத்துபவருக்கு இதில் பொறுப்பு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பக்கத்தின் மேலே ஒரு பதிவைப் பின் செய்து வையுங்கள்: இவர் யாருக்கும் தனியாக மெசேஜ் அனுப்ப மாட்டார், ரசிகர் அட்டை, சந்திப்புக் கட்டணம், சிகிச்சைச் செலவு என்று யார் கேட்டாலும் பொய். டெலிகிராம், வாட்ஸ்அப் என்ற சொற்கள் வரும் கமெண்டுகளைத் தானாக மறைக்கும் வசதி பல தளங்களில் உண்டு, அதை இன்றைக்கே போட்டுவிடுங்கள். யாராவது தயங்கித் தயங்கி 'இது உண்மையா' என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் சிரிக்காதீர்கள். பேச்சை அழிக்காமல் படமெடுத்து வைக்கவும், பணம் அனுப்பியிருந்தால் உடனே வங்கியைக் கூப்பிடவும், அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்யவும், காவல்துறையில் புகார் கொடுக்கவும் சொல்லுங்கள். அடுத்து 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறேன்' என்று ஒருவர் வருவார், அவரும் அதே கூட்டம்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

காசு பார்ப்பது

ரசிகனாக இருந்துகொண்டு சம்பாதிப்பதா என்று கூச்சப்பட வேண்டியதில்லை. யாருடைய பொருளை வைத்துச் சம்பாதிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஷார்ட்ஸ் எனும் குறுவீடியோக்கள் 90 நாளில் 1 கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். சேர்ந்த பிறகு நீண்ட வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. எண்ணிக்கை வந்துவிட்டால் கதவு திறந்துவிடும் என்றில்லை. மற்றவர்கள் வீடியோவை ஒட்டி வெட்டிப் போடும் சேனல்களை 'மறுபயன்பாட்டு உள்ளடக்கம்' என்று நிராகரிப்பார்கள், உரிமையாளர் புகாரே செய்யாவிட்டாலும். ரசிகர் சேனல்கள் பெரும்பாலும் விழும் இடம் இதுதான். உங்கள் குரலும் உங்கள் யோசனையும் வீடியோவில் இருக்க வேண்டும்.

ஸ்பான்சர் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல ஒப்புக்கொள்கிறீர்களா என்பது. வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள். கிம் கர்தாஷியான் ஒரு கிரிப்டோ நாணயத்தைப் பற்றி இன்ஸ்டாகிராமில் எழுத 2,50,000 டாலர் வாங்கியதைச் சொல்லாமல் விட்டார். 2022 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு அபராதமும் மற்றதுமாக 12.6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார். வாங்கியதைப் போல ஐந்து மடங்கு. நமக்கு அந்த அளவுக்கு வராது என்றாலும், சூதாட்டம், கடன் செயலி, கிரிப்டோ மூன்றையும் தொடாமல் இருப்பதே நிம்மதி. எந்த ஒப்பந்தமும் மெயிலில் எழுத்தாக இருக்கட்டும்: என்ன பதிவு, எத்தனை, எந்த நாள், எத்தனை முறை திருத்தம், பணம் எப்போது. பாதிப் பணம் முன்னாலேயே. ஒரு நிறுவனம் எனக்கு மூன்று பதிவுகளுக்குக் காசு தராமல் 'எக்ஸ்போஷர் கிடைக்குமே' என்றது. அன்றிலிருந்து முன்பணம் இல்லாமல் நான் ஒரு வரி எழுதியதில்லை.

டி-ஷர்ட் கதைக்கு வருகிறேன். அவர் படத்தை நானே வரைந்து அச்சடித்தேன். நானே வரைந்ததால் என்னுடையது என்று நினைத்தேன். கோடுகள் என்னுடையவை, முகம் அவருடையது. பிரபலத்தின் முகத்தை வைத்து வியாபாரம் செய்யும் உரிமை அவருக்கே என்ற கருத்துக்கு அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1953-இலேயே பெயர் சூட்டிவிட்டது, சூயிங்கம் விற்ற நிறுவனங்கள் பேஸ்பால் வீரர்களின் படங்களுக்காக அடித்துக்கொண்ட வழக்கில். இன்று வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு பெயரில் அந்த உரிமை இருக்கிறது. அவருடைய பெயர், புகழ்பெற்ற வசனம், கையெழுத்து எல்லாம் இதில் மாட்டலாம். எனக்கு வந்தது ஒரே ஒரு மெயில், மரியாதையான மெயில்தான். மிச்சம் இருந்த டி-ஷர்ட்டுகள் அப்புறம் இரண்டு வருடம் வீட்டில் துடைக்கப் பயன்பட்டன. லைசென்ஸ் கேட்டு வாங்க முடிந்தால் விற்கலாம், இல்லையென்றால் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

உண்மையில் ரசிகர் பக்கம் தரும் பெரிய வருமானம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை நடத்தும்போது நீங்கள் எடிட்டிங், சப்டைட்டில், தலைப்பு எழுதுவது, ஆயிரம் பேர் சண்டை போடும் கமெண்ட் பகுதியைச் சமாளிப்பது எல்லாம் கற்றுவிடுகிறீர்கள். இதற்குச் சம்பளம் கொடுக்கச் சின்ன நிறுவனங்கள் காத்திருக்கின்றன. எனக்கு முதல் வேலை கிடைத்தது பக்கத்தைக் காட்டித்தான். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, ஒரு வருடத்தின் பதிவுகளை வரிசையாகப் பார்த்தார்கள். அதனால் ஃபாலோயர்களைக் காசுக்கு வாங்காதீர்கள். 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளைத் துடைத்தபோது ஜஸ்டின் பீபரே ஒரே அடியில் 35 லட்சம் பேரை இழந்தார். அவரால் தாங்க முடிந்தது.

மற்றவர் பணம் உங்கள் கையில் இருக்கும் வேலைகளில்தான் ரசிகர் பக்கங்கள் உடைகின்றன. ஆல்பங்களைக் கூட்டமாகச் சேர்ந்து வாங்குவது, டிக்கெட், பிறந்தநாளுக்கு நன்கொடை. கூட்டு ஆர்டர் எடுத்தால் தனி வங்கிக் கணக்கு, எல்லோரும் பார்க்கும்படியான ஒரு ஷீட், சரக்கு வராவிட்டால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்ற விதி, இவை முதல் ரூபாய் வாங்கும் முன்பே இருக்க வேண்டும். 'இந்த மாதம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் வைத்துவிடலாம்' என்று ஆரம்பித்த நல்லவர்களை நான் பார்த்திருக்கிறேன். நன்கொடை என்றால் பணத்தைத் தொடவே தொடாதீர்கள். 2020 ஜூனில் கொரிய இசைக்குழுவான பிடிஎஸ், கறுப்பினத்தவர் உரிமைக்கான பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தபோது, ரசிகர்கள் ஏறக்குறைய ஒரே நாளில் அதே அளவு திரட்டினார்கள். அவ்வளவு பெரிய தொகை எந்த அட்மினின் சொந்தக் கணக்கு வழியாகவும் போக வேண்டியிருக்கவில்லை. நீங்களும் அமைப்பின் இணைப்பையே கொடுங்கள். கொடுத்தவர்கள் ரசீதைக் கமெண்டில் போடட்டும்.

வருமானம் சிறியதாக இருந்தாலும் வருமானம்தான். தேதி, யாரிடமிருந்து, எவ்வளவு என்று முதல் நாளிலிருந்து எழுதி வையுங்கள். வரி எவ்வளவு என்று உங்கள் ஊர்க் கணக்காளரிடம் கேளுங்கள், பக்கத்து ரசிகர் பக்கத்திடம் கேட்காதீர்கள். கூட்டாளிகள் இருந்தால் பங்கு எவ்வளவு என்பதை இன்னும் காசு வராத நாளிலேயே எழுதிவிடுங்கள். வந்த பிறகு எழுதுவது கஷ்டம்.

விலகும் நாள்

உங்களுக்கு அலுப்பு வரலாம், வேலை வரலாம், அவர் செய்த ஏதோ ஒன்றால் மனசு விட்டுப்போகலாம். அப்படி ஒன்று நடந்தால் பக்கம் முட்டுக்கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டு நாள் ஒன்றும் போடாமல் இருப்பது முழு உரிமை. பக்கத்தை விற்றுவிடலாம் என்றும் ஒரு எண்ணம் வரும். கேட்டு வருபவர்கள் வருவார்கள். விற்பதைப் பல தளங்கள் தடை செய்கின்றன என்பது ஒருபக்கம். நேற்று வரை உங்களை நம்பிப் படித்தவர்கள் நாளைக்கு அங்கே எதை விற்கப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது என்பது இன்னொரு பக்கம்.

நான் இரண்டு பேரிடம் கொடுத்தேன், ஆறு மாதம் கூடவே வைத்துப் பழக்கிவிட்டு. முதலில் தளத்திலிருந்து என் பதிவுகள் முழுவதையும் டவுன்லோடு செய்தேன். மெசேஜ்களில் மற்றவர்கள் அந்தரங்கமாக எழுதியவற்றை அழித்தேன், அவை எனக்கு எழுதியவை, பக்கத்துக்கு எழுதியவையல்ல. நிர்வாகி உரிமையை மாற்றினேன், பக்கத்தில் ஒரு பதிவு போட்டுச் சொன்னேன், வெளியே வந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு நடுராத்திரியில் 'பாஸ்வேர்டு மாற்றக் கோரிக்கை' என்று எனக்கு மெசேஜ் வந்தபோதுதான் தெரிந்தது, மீட்பு எண்ணாக இன்னும் என் போன் நம்பரே இருக்கிறது. நீங்கள் கொடுக்கும்போது அதையும் மாற்றிவிடுங்கள்.